மாட்டுக் கொட்டகைக்குப் போட்ட தகரம்

எங்கள் வீட்டை என் வீட்டுக்காரர் கட்டினார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதில்தான் வந்து நிற்கும்.

ஓசூரில் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம் அது. அவர் கொத்தனார். ஆறு நாளும் கம்பெனிகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவார். ஏழாம் நாள், ராயக்கோட்டை போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் சுவரை எழுப்புவார். கல் அடித்தளம், மண் சுவர், மேலே மங்களூர் ஓடு. அந்தச் சுவருக்கு மண் மிதித்தது என் கால். ஓடு போட்ட மறு வருஷம் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மகளுக்கு அப்போது ஆறு வயது.

அதற்குப் பிறகு தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. வீட்டுக்குப் பக்கத்தில் புல் வேய்ந்த கொட்டகையில் ஒரு மாடு. இரண்டுமாகச் சேர்ந்து எங்களுக்குச் சோறு போட்டன. யாரிடமும் போய்க் கை நீட்டவில்லை. ஆனால் மகள் ஐந்தாவது முடித்ததும், அதற்குமேல் படிக்க வைக்க என்னால் ஆகவில்லை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அவளாவது பத்தாவது முடிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம் எனக்கு.

ஓசூரில் ஒரு கிறிஸ்தவ சங்கம் பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிக்க வைக்கிறது என்றார்கள். ஒவ்வொரு பிள்ளையின் செலவையும் வெளிநாட்டில் யாரோ ஒருவர் ஏற்றுக்கொள்வாராம். எங்களுக்கு வேறு சாமி. அதை அவர்களும் பெரிதாகக் கேட்கவில்லை. விடுதியைப் பார்த்துக்கொண்ட டீச்சர் போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்துவிட்டார்.

அன்றைக்கு மகளுக்கு எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னி, கனகாம்பரம் வைத்திருந்தேன். டீச்சர் அவள் தலையைப் பார்த்தார்.

“பூவ எடுத்துடு கண்ணு. போட்டோவுல நல்லா வராது.”

“கம்மலு இருக்கலாமா டீச்சரம்மா?” என்றேன்.

“அதுவும் வேணாம். பளபளன்னு அடிக்கும்.”

டீச்சர் படித்தவர், அவருக்குத் தெரியும் என்று கழற்றிவிட்டேன். பிறகு அவளைக் கொட்டகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறதாம்.

“சாணி நாத்தம் அடிக்குமே. வூட்டு வாசப்படியில நிக்க வைங்களேன்.”

“ஏம்மா, போட்டோவுல நாத்தம் தெரியுமா?” என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது.

மகள் விடுதிக்குப் போனாள். கடல் தாண்டி எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவள் செலவை ஏற்றுக்கொண்டார். கடிதம் வரும், டீச்சர் தமிழில் மாற்றிக் கொடுப்பார். ‘அன்புள்ள மகளே’ என்று தொடங்கும். பெற்றவள் நான் இங்கே இருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் படிக்க வைக்கிறவர், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வருஷம் ஒரு வண்டியில் புதுத் தகரங்கள் வந்து இறங்கின. அந்த அம்மாள் அனுப்பியதாம்.

“வூட்டுக்கு ஓடு இருக்குதே டீச்சரம்மா?”

“அதனாலதான் சொல்றன், கொட்டாய்க்குப் போட்டுக்கோ. மாடு மழையில நனையுதில்ல?”

ஆளை விட்டு அன்றைக்கே புல்லைப் பிரித்துத் தகரம் போட்டார்கள். மகளை அதன்கீழே நிறுத்தி மறுபடி ஒரு போட்டோ. நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். எங்கேயோ இருந்துகொண்டு எங்கள் மாட்டுக்காகவும் நினைக்கிற மனசு யாருக்கு வரும் என்றேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாள்:

“ஏக்கா, எங்க மாடும் நனைஞ்சிகினுதான் கீது. அதுக்கும் ஒரு வெள்ளக்காரியப் பாத்துச் சொல்லேன்!”

மகள் ஒன்பதாவது படிக்கும்போது அந்த அம்மாளே நேரில் வருகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வெள்ளை அடித்தேன். வாசலுக்குச் செம்மண் இட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டேன். எவர்சில்வர் டம்ளர்களைச் சாம்பல் போட்டுத் துலக்கிவைத்தேன். விருந்தாளி வந்தால் வீட்டில் இருப்பதில் நல்லதை எடுத்து வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வழக்கம்.

வேன் வந்தது. முதலில் இறங்கியவர் டீச்சர். வெள்ளை அடித்த சுவரைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. “நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கறன்” என்றார். அடுத்து மகள். விடுதியில் இருந்து வந்தவளுக்கு, முழங்காலுக்கு மேலே ஏறிய பழைய பாவாடை. நான் தைத்துக் கொடுத்த புதுசு எங்கே போயிற்று என்று நினைத்தேன். கடைசியில் அந்த அம்மாள். ஒரு கையில் என் மகள் கை, இன்னொரு கையில் போட்டோ.

“வாங்கம்மா” என்று கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு வீட்டைத் தாண்டிப் போனார். நேராகக் கொட்டகைக்குப் போனார்.

போட்டோவைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், சிரித்தார். தூணைத் தடவினார். குனிந்து உள்ளே போனவர் சாணியைப் பார்த்தார், மூலையில் கட்டியிருந்த கன்றைப் பார்த்தார். அழத் தொடங்கிவிட்டார். ஏதோ கேட்டார்.

“ராத்திரியில எங்க படுப்பீங்கன்னு கேக்கறாங்க” என்றார் டீச்சர்.

“வூட்டுலதான்.”

டீச்சர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அந்த அம்மாள் கன்று நின்ற மூலையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளைப் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

“டீச்சரம்மா, இது மாட்டுக் கொட்டாய்னு சொல்லுங்க.”

டீச்சர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினார். “சும்மா இரு. உம் பொண்ணு பத்தாவது முடிக்க வேணாமா?”

வாயை மூடிக்கொண்டேன். பொய் சொல்லமாட்டேன், மூடித்தான் கொண்டேன். இன்னும் ஒரு வருஷம்தானே என்று பல்லைக் கடித்தேன். அந்த அம்மாள் கழுநீர்த் தொட்டிப் பக்கம் போனார். தவிடு மிதக்கிற தண்ணீரைக் காட்டி, கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் கேட்டார். இதையா குடிக்கிறீர்கள்? டீச்சர் ஆமாம் என்று தலையாட்டினார்.

மாட்டுக்கு ஊற்றுகிற தண்ணீர் அது.

வேன் ஓட்டி வந்தவர் பெங்களூர்க்காரர், கன்னடம் பேசுகிறவர். பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனேக்கல் சந்தைக்குப் போய்வந்து எனக்கும் கன்னடம் பழக்கம். அவர் பக்கம் திரும்பினேன். “இது தனத கொட்டிகெ. நம்ம மனெ அது” என்றேன். இது மாட்டுக் கொட்டகை, எங்கள் வீடு அது என்று அந்த அம்மாளிடம் சொல்லச் சொன்னேன். வேன்காரர் டீச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்:

“மேடம், திஸ் கவ் ஹவுஸ். பீப்பிள் ஹவுஸ் தட்.”

அந்த அம்மாளின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். ஓட்டைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். சுவரில் மாலை போட்டிருந்த என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார். இந்தச் சுவர் அவர் எழுப்பியது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மாளின் கண் என்மேல் வந்து நின்றது. பொய் சொன்னவர் டீச்சர், ஆனால் டீச்சரை அவர் பார்க்கவில்லை. திருடியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். உட்காரவில்லை. நான் நீட்டிய காப்பியைத் தொடவில்லை. வேனில் ஏறும்போது என் மகள் கையையும் பிடிக்கவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நிஜமாகவே ஏழையான ஒரு பிள்ளைக்கு உதவ விரும்புகிறேன் என்று அங்கிருந்து கடிதம் வந்ததாம். மகளைப் பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அவள் பெட்டியைத் தடாலென்று கீழே வைத்தாள்.

“ஒனக்கு வூடு பெருசா, எம் படிப்பு பெருசா?”

எனக்கு இரண்டும் பெரிது. மறுநாள் காலையில் கொட்டகைமேல் ஏறித் தகரங்களைப் பிரித்தேன். தக்காளி ஏற்றிப் போகிற லாரிக்காரரைக் கேட்டு, அதில் போட்டுக் கொண்டுபோய் விடுதி வாசலில் இறக்கினேன். டீச்சர் ஓடிவந்தார்.

“இத எதுக்குக் கொண்டாந்த?”

“எங்க மாடு இனிமே படிக்க வரலியாம்” என்றேன்.

மாடு மறுபடி புல் கூரைக்கு வந்தது. மகள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். காலையில் எனக்கு முன்னால் எழுந்து பால் கறந்து ஊற்றிவிட்டுப் பஸ் ஏறுவாள். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. தட்டை வைத்தால் சாப்பிடுவாள், கேட்டால் தலையாட்டுவாள். ஒரு வருஷத்துக்குமேல் அப்படியே போயிற்று. பத்தாவது பரீட்சை எழுதினாள், பாஸும் பண்ணினாள். அதையும் தலையாட்டித்தான் சொன்னாள்.

மார்க்கு சீட்டை வாங்கிக்கொண்டு வேலைக்கு மனு கொடுக்க ஓசூருக்குப் போனோம். வழியில் ஓர் ஊரில் பஸ் நின்றது. ஜன்னல் ஓரம் இருந்தவள் என் தொடையைத் தட்டினாள்.

“அம்மா, நம்ம தகரம்.”

எங்கள் தகரம்தான். எங்கள் கொட்டகையில் இருந்தபோது வேப்பங்கிளை முறிந்து விழுந்து நசுங்கிய இடம் அப்படியே இருந்தது. ஒரு கொட்டகைமேல் கிடந்தது. அதற்குமுன் பூவில்லாத தலையோடு ஒரு சின்னப் பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். எதிரில் கேமரா. பக்கத்தில் டீச்சர், அதே சிரிப்பு.

“அந்தப் பொண்ணு வூடு எதும்மா?” என்றாள் மகள்.

தேடிப் பார்த்தேன். கொட்டகைக்கு இந்தப் பக்கம், வெள்ளை அடித்த ஓட்டு வீடு. வாசலில் அவளைப் பெற்றவள் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். பஸ் கிளம்பிவிட்டது. மகளைத் தாண்டிச் சாய்ந்து ஜன்னல் வழியே காறித் துப்பினேன். பின்சீட்டு ஆள் தன்மேல் தெறித்துவிட்டது என்று கத்தினார். மகள் அவரைத் திரும்பிப் பார்த்து, “தொடச்சிக்கோங்கண்ணா” என்று சொல்லிவிட்டு, எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக் கொடுத்தாள்.