பைக்குக் கிடைத்த சீட்
கீரமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் காலை எட்டு மணி புதுக்கோட்டை பஸ்ஸை விட்டால், அடுத்ததற்கு ஒரு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். அதில் நான் பெரிய கில்லாடி என்று எனக்கு நினைப்பு.

போன மாதம் புதுக்கோட்டையில் என் மகளுக்கு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு, பத்து மணிக்கு. அவசரத்தில் துண்டை மறந்துவிட்டேன். கை சும்மா இருக்குமா? அவள் கையிலிருந்த பையைப் பிடுங்கி, ஜன்னலோர சீட்டில் குறி தவறாமல் போட்டேன். படியிலோ கால் வைக்க இடமில்லை. பஸ் கிளம்பிவிட்டது. பை உட்கார்ந்து போனது; நாங்கள் ரோட்டில் நின்றோம்.

"அப்பா, ஒரிஜினல் எல்லாம் அதுலதான் இருக்கு!" என்று மகள் அழுதுவிட்டாள்.

அதைப் பார்த்த பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு, எங்கள் இருவரையும் பைக்கில் ஏற்றி விரட்டினார். ஆலங்குடியில் பஸ்ஸைப் பிடித்தோம். உள்ளே அத்தனை பேர் நசுங்கி நிற்க, பை மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

பக்கத்து சீட் அம்மா முறைத்தார். "பை போட்ட ஆளு பின்னாடி நிக்கிறாருன்னு நெனச்சு நான் ஒருத்தரையும் உக்கார விடல. நீங்க இப்பத்தான் வாரீங்களா?"

மகள் நேரத்துக்குப் போய்விட்டாள். ஆனால் வழி முழுக்கப் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

இப்போதெல்லாம் முக்கியமான நாள் என்றால் ஆறரை பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறோம். பையை மகள் என்னிடம் தருவதே இல்லை. மற்ற நாட்களில் அதே எட்டு மணி பஸ், அதே கூட்டம். துண்டு மட்டும்தான் போடுகிறேன். ஏற முடியாமல் இதுவரை இரண்டு துண்டுகள் தனியாகப் புதுக்கோட்டை போயிருக்கின்றன.