பகவதி அக்கா மூன்றாக அறுத்த நாவல்

பகவதி அக்கா போய்விட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்.

திருவனந்தபுரம் வலியசாலைக்காரர். எங்கள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் எனக்கு அடுத்த சீட். ரிட்டயர் ஆன பிறகும் எங்களுக்குப் புத்தகம் தருவதை நிறுத்தாதவர்.

அழுதுகொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கோபம்தான் வருகிறது... வரட்டும்.

திருவனந்தபுரத்தில் எங்கள் கைக்கு ஒரு புதுத் தமிழ் நாவல் வரவேண்டுமென்றால், யாராவது நாகர்கோவில் போய்வர வேண்டும். வருவது ஒரே ஒரு பிரதி. கேட்டு நிற்பதோ செக்‌ஷன் முழுக்க!

அக்கா என்ன செய்வார் தெரியுமா? லஞ்ச் டயத்தில் பிளேடை எடுத்து, அந்தக் குண்டுப் புத்தகத்தை மூன்றாக அறுத்துவிடுவார். ஒவ்வொன்றுக்கும் ஊசி நூல் தையல், பழுப்புத் தாளில் அட்டை.

முதல் பாகம் ஒருத்தி முடித்தால்தான் அடுத்தவளுக்கு. அவள் மெதுவாகப் படித்தால் தீர்ந்தாள். "ஏட்டி, இன்னுமா வாசிச்சுத் தீரல? வெண்டைக்கா அரிஞ்சது போதும், வாசி!" என்று அக்காவே வீட்டுக்கு ஃபோன் போடுவார்.

புத்தகத்தை அறுப்பது பாவம் என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. பாவமாம்! கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, யார் கேட்டாலும் சாவியைக் காணோம் என்பது மட்டும் புண்ணியமோ?

ஒருநாள், செக்‌ஷனுக்குப் புதிதாக வந்த அனில் ஒரு ஈ-ரீடரைக் கொண்டுவந்து காட்டினான்.

"இதுல ஆயிரம் புக்கு இருக்கு அக்கா."

"கொள்ளாமே, நல்லாருக்கே! அதுல ஒண்ண எடுத்து எனக்குத் தா. வாசிச்சிட்டு திங்கக்கிழமை தாரேன்."

"ஒண்ண மட்டும் எடுக்க பற்றில்ல அக்கா. மிஷினையே தரணும்."

"அப்போ திங்கக்கிழமை வரைக்கும் நீ என்னத்தடே வாசிப்பே?"

அனில் சிரித்துவிட்டான். எழுத்தைப் பெரிதாக்கலாம், இருட்டிலும் படிக்கலாம், பைக்குள் கனமே தெரியாது... எல்லாம் சரி, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அக்கா கேட்டதற்கு இன்றுவரை எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

போன மாதம் அக்கா படுத்துவிட்டார். பெங்களூரிலிருந்து ஓடிவந்த மகள் சுபா, ஒரு டேப்லெட் நிறைய நாவல் ஏற்றிக் கொடுத்தாள். பாசத்தில்தான்.

அக்கா அதை ஓரமாக வைத்துவிட்டு எனக்கு ஃபோன் போட்டார். "பிள்ளே, எம் வீட்டு மேசையில ஒரு குண்டு புக்கு கெடக்கு. அறுத்துக் கொண்டு வா."

ஏன் என்று வார்டுக்குப் போனதும் புரிந்தது. பக்கத்துக் கட்டிலில் ராஜம், போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவள். வாசிப்பதில் அவ்வளவு ஆசை, கையில் வாசிக்க ஒன்றுமில்லை. அக்கா முடித்த பாகம் அவளுக்கு என்று ஏற்பாடு.

"சீக்கிரம் தாங்க அக்கா. கதையில அந்தப் பொண்ணு வீட்ட விட்டு இறங்கிட்டா, எனக்கு உறக்கமே வரல" என்பாள் ராஜம்.

"கெடந்து துடிக்காதட்டி. நான் வாசிச்சாத்தானே உனக்குத் தர முடியும்?" கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே இந்தச் சண்டை...

இன்று காலை நான் போனபோது சுபா சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் பாகம் கட்டிலில் கிடந்தது, பாதியில் ஒரு பக்கம் மடக்கியபடி.

"இது கிழிஞ்ச புக்கு ஆன்ட்டி, வேஸ்ட்ல போட்டுடலாம். முழுசாவே ஈ-புக்கா கிடைக்குது" என்றாள். அழுது வீங்கிய முகம். அவளைத் திட்ட மனம் வரவில்லை.

ஆனால் விடவும் இல்லை. "போடாண்டாம் மோளே. இது கிழிஞ்சதில்ல, உங்கம்மா அறுக்கச் சொன்னது. இதுக்கு ஆளு காத்திருக்கு."

ராஜம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இரண்டாம் பாகத்தை நேற்றே முடித்துவிட்டாள். கேட்கக் கூச்சம்.

அவளை எழுப்பி உட்காரவைத்து, மூன்றாம் பாகத்தை மடியில் வைத்தேன். "இந்த நேரத்திலயா அக்கா?" என்றாள்.

"இந்த நேரத்திலதான். வாசி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தாள். அக்கா மடக்கி வைத்த இடத்தைத் தாண்டி அவள் போவாள்.

போய் வாருங்கள் அக்கா. புத்தகம் கைமாறிவிட்டது.