ரோட்டுப் பக்கம் வெட்டிய மாமரம்

எங்கள் ஸ்ரீவராகம் வீட்டில் எதைச் சொன்னாலும் அக்கா "பாத்துக்கலாம்டா" என்பாள். கொல்லை மாமரத்தைப் பற்றியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. பெரிய கிளைகள் இரண்டு மட்டும் எதிர்ப்பக்கம் மதிலைத் தாண்டிப் பின் ரோட்டுக்கு மேலே நீண்டு, அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. சாய்ந்த பக்கம், ஓட்டுக்கூரையின் கீழே அக்காவின் அறை. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவள். குளியலறை ஒட்டியிருப்பது அந்த ஓர் அறையோடுதான்.

மழைக்காலத்துக்கு முன்னால் கார்ப்பரேஷனிலிருந்து நோட்டீஸ் வந்தது. ரோட்டுக்கு மேல் நீளும் கிளைகளை வெட்டி, ஃபோட்டோவோடு அறிக்கை தரவேண்டும். தவறினால், எது நடந்தாலும் மரத்துக்காரர் பொறுப்பு.

நான் பெரிய படிப்பு படித்தவனில்லை. பாளையத்தில் பழைய புத்தகமாக வாங்கிய ஒன்றிலிருந்து, நிச்சயமில்லாத காரியத்தில் எப்படி முடிவெடுப்பது என்று கொஞ்சம் பிடித்துவைத்திருந்தேன். ஒன்றுமில்லை, கட்டம் போடவேண்டும். நாம் செய்யக்கூடியது ஒரு பக்கம், நடக்கக்கூடியது மறுபக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்கு என்ன நஷ்டம், நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று எழுதவேண்டும்.

காலண்டர் தாளின் பின்னால் போட்டேன். வெட்டாமல் விட்டு, பலத்த காற்றடித்தால் ஒரு கிளை முறிந்து ரோட்டில் விழலாம். அந்த மழையில் அங்கே நடப்பவர் அபூர்வம். வெட்டிவிட்டுக் காற்றடித்தால், பிடிமானம் போன மரம் மொத்தமாக வீட்டின்மேல் வரலாம். அங்கே அக்கா எப்போதும் இருக்கிறாள். இரண்டு பக்கமும் சமமாகக் குறைக்க கிரேன் வேண்டும்; மழை முடியாமல் கிடைக்காது. அதுவரை கிளைகளை விட்டுவைப்பதுதான் மேல் என்று பட்டது.

தாளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த மலையாளி கிளார்க் பொறுமையாகப் பார்த்தார்.

"கட்டம் நல்லாயிருக்கு சாரே, கேட்டோ. பட்சே ரோட்டுல விழுந்தா ஆபீஸ் பதில் சொல்லணும். வீட்டு மேல விழுந்தா, சாரோட மரம், சாரோட வீடு."

"வீட்டுக்குள்ளேயும் ஆள்தானே சார் இருக்கா?"

"அதை எழுத அறிக்கைல இடம் இல்லல்லோ."

கோபமே இல்லை அவருக்கு. எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அவர் போட்டிருந்த கட்டம் வேறு. அறிக்கை வந்ததா, வரவில்லையா? அவ்வளவுதான்.

நான் வெட்டவில்லை. ஆட்களை அவர்களே அனுப்பினார்கள். ரம்பச் சத்தம் கேட்டு அக்கா உள்ளேயிருந்து, "என்னடா, மரத்துக்கு க்ராப் வெட்றாளா?" என்றாள். ரோட்டுப் பக்கம் மொட்டையானதும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கூடத்துக்கு வந்துவிடு என்று அக்காவைக் கெஞ்சினேன்.

"வர்றவா போறவா முன்னாடி பெட்பேன் வெச்சுக்கறதுக்கா? போடா. பாத்துக்கலாம்."

முதல் மழை பெய்து ஓய்ந்த காலையில் கொல்லைக்குப் போனேன். மரத்தடியில், ரோட்டுப் பக்க மண் வேரை விட்டு வாய் திறந்திருந்தது. விரல் உள்ளே போனது. மரம் அசையாமல் நின்றது. ஒரு இலைகூட ஆடவில்லை.

காலண்டர் தாளை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இதுல நான் எங்கடா இருக்கேன்?"

கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தேன்.

"அவா நோட்டீஸ்ல?"

"அதுல நீ இல்லே அக்கா."

கண்ணாடியைக் கழற்றாமலே கூரையைப் பார்த்தாள். அப்புறம், "அந்தப் பச்சைப் புடவையைக் கூடத்துல திரையாக் கட்டு," என்றாள்.

கட்டில் அறை வாசலில் நுழையவில்லை. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியது. ஓட்டின்மேல் எதுவோ உரசியது.

"சீக்கிரம்டா," என்றாள்.