எல்லா இடத்திலும் ஒரே வளைவு

செய்தி சைக்கிளில் வந்தது. மருதனார்மடச் சந்தியில், ஒட்டுப்போடக் கொடுத்த சைக்கிள் சில்லுக்காக நின்றிருந்தேன். எங்கள் துறை எழுதுவினைஞர் இறங்காமலே, ஒரு காலை நிலத்தில் ஊன்றிச் சொன்னார்: "ஜெசிந்தா மோசம் போயிட்டா. இன்சுலின் முடிஞ்சுதாம்."

மண்ணெண்ணெய் முடிந்தது என்பதுபோல, ஒரு சாவை.

அறியாதவர்களுக்கு: ஜெசிந்தா குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவரின் மகள். கணிதத் துறையில் என்னோடு விரிவுரையாளர். இருவருக்கும் ஒரே மேசை. சிறுவயது முதல் நீரிழிவு. மின்சாரம் இல்லாத ஊரில், மருந்துக் குப்பியை ஈரமணல் நிரப்பிய பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

அவள் ஆராய்ந்தது இணைப்புகளை. ஒரு வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நார் நிற்கிறது. நார்கள் சேர்ந்தால் கற்றை. ஒரு நாரில் இருப்பதை இன்னொன்றுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று சொல்லும் விதி, இணைப்பு. எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோல இருக்கும் வெளிகளில், அந்தச் சமச்சீரைக் குலைக்காத இணைப்புகள் எவை? அதுதான் அவளுடைய கேள்வி.

எல்லாம் ஒன்றுபோல் என்றால் வளைவு எங்கிருந்து வரும் என்று ஒருநாள் சந்தையில் கேட்டேன். குவியலில் மிக உருண்டையான விளாம்பழத்தை எடுத்தாள். உச்சியில் ஓர் ஈர்க்குத் துண்டைப் படுக்கவைத்தாள்.

"பிள்ளை, பழம் வாங்கவோ, சோதினை வைக்கவோ?" என்றாள் பழக்காரி.

"பொறுங்கோ அக்கா, உவருக்குத்தான் சோதினை."

ஈர்க்கைத் திருப்பாமல் உச்சியிலிருந்து நடுவுக்கு இறக்கினாள். நடுவோடு கால்வட்டம் நகர்த்தினாள். மறுபடி உச்சிக்கு ஏற்றினாள். ஈர்க்கு வேறு திசையைக் காட்டியது. யாரும் திருப்பவில்லை. ஆனாலும் திரும்பியிருந்தது.

"எல்லா இடமும் ஒரே மாதிரி எண்டால் வளைவில்லை எண்டு உமக்கு ஆர் சொன்னது? எல்லா இடமும் ஒரேயளவு வளைஞ்சு கிடக்கு."

கொழும்பு அரசின் தடையால் மருந்து வருவது குறைந்தபோது, அங்கே போக இயக்கத்திடம் பாஸ் கேட்டாள்; அது இல்லாமல் யாரும் ஊரைவிட்டு வெளியேற முடியாது. நானும் கூடப் போனேன். வைத்தியரின் கடிதத்தைப் பார்த்துவிட்டு மேசைக்குப் பின்னால் இருந்தவர் சொன்னார்: "படிச்ச ஆக்கள் எல்லாரும் வெளிக்கிட்டால் இஞ்சை பிள்ளையளுக்கு ஆர் படிப்பிக்கிறது?"

"இருந்தால் செத்துப்போவன். செத்த ஆள் படிப்பிக்காது, தம்பி."

"அடுத்த கிழமை வாங்கோ."

அடுத்த கிழமையும் அதையே சொன்னார்கள்.

அங்கே மருந்தை மறித்தார்கள். இங்கே ஆளை மறித்தார்கள். இதிலும் ஒரு சமச்சீர் இருக்கிறது. அதைப் பாராட்ட எனக்கு மனமில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். "ஜெசிந்தா இன்சுலின் கிடைக்காமல் இறந்தாள்" என்று தொடங்கினேன். மலர்க்குழுவில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் அந்த வரியை வெட்டினார். "கடும் சுகவீனத்தால் கர்த்தருக்குள் இளைப்பாறினார்" என்று மாற்றினார். கடைசி நாள் முழுக்க அவள் மூச்சிரைத்துக்கொண்டு கிடந்ததாக அவளுடைய அண்ணன் சொல்லியிருந்தார். இளைப்பாறினாராம்.

"எல்லாருக்கும் உதே கஷ்டம்தானே, தம்பி. அவவுக்கு மட்டும் எண்டு ஏன் எழுதுவான்?" என்றார் அதிபர்.

விளாம்பழம் ஒன்று கையில் இருந்திருந்தால் எறிந்திருப்பேன். எல்லோருக்கும் ஒரே அநியாயம் என்றால் அது அநியாயம் இல்லையா? ஜெசிந்தா எந்த மாணவனையும் இந்தப் பிழையோடு சித்தியடைய விட்டதில்லை.

அண்ணன் மட்டும் என்னை வெளியே கூட்டிப்போனார். "நீர் எழுதினது சரி. ஆனால் நான் இஞ்சை இருக்க வேணும். பிள்ளையள் இருக்கு." அவரோடு கோபிக்க எனக்கு உரிமை இல்லை. என் பக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். மலர் அது இல்லாமல் வந்தது. அழகான மலர். சிலுவையும் பூவும்.

அந்த வரியை இங்கே எழுதுகிறேன். என் பெயரோடு. ஜெசிந்தா இன்சுலின் கிடைக்காமல் இறந்தாள். கேட்டாள். அலைந்தாள். கொடுக்கவில்லை.

அவளிடமிருந்து நான் வைத்திருப்பது கோபம். ஜெபமாக, கண்ணீராக, மௌனமாக மாற்றித் தரும்படி எல்லோரும் கேட்கிறார்கள்.

மாட்டேன்.