மேல்பல் இல்லாத ஆட்டுக்குட்டி

இன்று செஞ்சி ஆட்டுச் சந்தையில், பழுத்த வியாபாரி மாதிரி ஒரு குட்டியின் வாயைத் திறந்து பார்த்தேன். மேலே முன்பல் ஒன்றுகூட இல்லை.

"இன்னாண்ணா, பொக்கவாய்க் கெழவியப் போய் குட்டின்னு விக்கிற?"

ஆட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், எந்த ஆட்டுக்குடா மேல முன்பல்லு இருக்குது? கீழ்ப்பல்லப் பாத்துதான் வயசு சொல்லணும். இதுக்கு இன்னும் பால்பல்லே வுழல!"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே எப்போதும் கூடவே வரும் நண்பன் மணியின் முதுகில் தட்டக் கையை ஓங்கினேன்.

பக்கத்தில் மணி இல்லை. அவன் சென்னை ஹாஸ்டலுக்குப் போய் ஒரு மாதமாகிறது.

டேய் மணி, இந்தப் பதிவுக்குக் கீழே கமெண்டில் வந்து நாலு வார்த்தை கேலி செய்துவிட்டுப் போ. நீ இல்லாமல் அசிங்கப்படுவதில் ஒரு சுகமும் இல்லை.