ராகிக் குழியும் நான் சொன்ன பொய்யும்

குனிந்துகூடப் பார்க்காமல் "விளக்கு எரியுது" என்று என் அண்ணனிடம் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் அவர் ராகிக் குழிக்குள் இறங்கினார்.

அப்போதெல்லாம் உத்தனப்பள்ளிப் பக்கம் விளைந்த ராகியை, வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஆழமான குழி வெட்டிக் கொட்டி, கல்லால் மூடி மண் பூசிவிடுவோம். வருடக்கணக்கில் கெடாது. எடுக்க வேண்டுமென்றால் முதல்நாளே கல்லை நகர்த்திவிட வேண்டும். மறுநாள் கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும். அது அணைந்தால் உள்ளே மூச்சுவிடக் காற்றில்லை. இதையே பள்ளிக்கூடத்தில் அறிவியலாகச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான்.

அண்ணி முதல்நாளே கல்லை நகர்த்தியிருந்தார். விளக்கு இறக்குவது என் வேலை. மண்ணில் குப்புறப் படுத்தால்தான் அடிவரை தெரியும். நான் பள்ளிக்குக் கிளம்பி வெள்ளைச் சட்டையில் நின்றபடியே விளக்கை இறக்கினேன்.

"என்னடா வாத்தி, சட்டை கசங்கிடுமா? எரியுதா இல்லையா?"

"எரியுது, எறங்குண்ணா."

இறங்கியவர் ராகி அள்ளக் கூடை கேட்கவில்லை. கூப்பிட்டேன், பதிலில்லை. அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை நாலு பேர் இழுத்தோம். முகம் நீலம் பாய்ந்திருந்தது. உயிர் மட்டும் இருந்தது. பேச்சும் கைகளும் பிறகு திரும்பவேயில்லை.

"காலையிலதான் கல்ல நகத்தியிருப்பா, சோம்பேறி" என்றது ஊர். அண்ணியின் தம்பியே வந்து, "புருசனக் குழியில தள்ளிட்டியேக்கா" என்றான். அண்ணி என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. முப்பது வருடம் திறக்கவில்லை.

போன வருடம் மாரியம்மன் பண்டிகைக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். அண்ணியின் தம்பியும் வந்திருந்தான். அண்ணனையும் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் போய் அக்காவின் காலில் விழுந்தான்.

அண்ணி அழவில்லை. "நீ சொல்லி பாரத்த எறக்கிட்ட தம்பி. நான் எங்க போயி எறக்கறது?" என்றார். பிறகு, "நாளையிலேர்ந்து மத்தியானக் களிய நீயே வந்து ஊட்டு" என்றார்.

மறுநாள் போனேன். களியைக் கிள்ளி, கீரைக் குழம்பில் தோய்த்து அண்ணன் வாயருகே கொண்டுபோனேன். இந்த முப்பது வருடத்தில் பண்டிகை நாட்களில் என் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவர். அவருக்கு எதுவும் புரியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். என்னையே பார்த்தார். உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

அண்ணி அந்த உருண்டையை என்னிடமிருந்து வாங்கி நீட்டினார். வாய் திறந்தது.

இன்றும் அப்படித்தான். நான் கிள்ளிக் கொடுக்கிறேன், அண்ணி ஊட்டுகிறார்.