பூனை மேல் போட்ட பழி

முதல் வட்டம் என் இடது இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில் வந்தது. ஓரம் சிவந்து, நடு வெளுத்து, ஒரு ரூபாய்க் காசு அளவு. அப்போது எங்கள் பட்டாபிராம் வீட்டுக்குச் சுண்டல் வந்து மூன்று வாரம். சுண்டல் ஒரு பூனைக்குட்டி. யாராவது தத்தெடுக்கும் வரை பார்த்துக்கொள்ள, விலங்குக் காப்பகத்திலிருந்து வாங்கி வந்திருந்தேன்.

"படர்தாமரை (தோலில் வட்டமாகப் பரவும் பூஞ்சைத் தொற்று). எல்லாம் பூனைகிட்டருந்துதான்" என்று என் கணவர் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அலமாரியிலிருந்து ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்தார். பாதி தீர்ந்த குழாய். ஏன் பாதி தீர்ந்திருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது. பத்தாம் நாள் திரும்பி வந்தது. வயிறு, தொடை, முதுகு, கை என்று பரவியது. பஸ்ஸில் நாலு பேர் பார்க்க இடுப்பைச் சொறியும் அவமானம் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன், சுண்டல் இல்லை. "காப்பகத்துலயே குடுத்துட்டேன்" என்றார். நம்பினேன். இரண்டு நாள் கழித்துக் காப்பகத்துப் பெண் போன் செய்தார். ஆவடியில் ஒரு குடும்பம் குட்டியைத் தத்தெடுக்கத் தயார், எப்போது கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார்.

கத்தினேன். அப்புறம்தான் உண்மை வந்தது. வெள்ளானூரில் ஒரு கோழிக்கடைக்குப் பின்னால் விட்டிருக்கிறார். "அங்க கறித் துண்டுங்க கெடக்குதும்மா, பொழச்சிக்கும்."

மூன்று மாதக் குட்டி. ஒரு கண் பீளை கட்டி இன்னும் சரியாகத் திறக்கவில்லை. தெருநாய்களுக்கு நடுவில் பிழைத்துக்கொள்ளுமாம்! நான்கு நாள் மாலையில் அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டு அலைந்தேன். கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன். கணவரும் கூட வந்தார். களிம்பைப் பார்த்ததுமே டாக்டர் முகம் சுளித்தார். "இதுல ஸ்டீராய்டு (அரிப்பையும் சிவப்பையும் தற்காலிகமாக அமுக்கும் மருந்து) கலந்திருக்கு. அரிப்பு அடங்கும், பூஞ்சை நல்லா வளரும். வீட்ல வேற யாருக்கு இருக்கு?"

கணவர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்களத்தான் கேக்கறேன்."

எட்டு மாதமாம். அம்பத்தூர் கம்பெனியில் நாள் முழுக்கத் தடித்த சீருடையில் வியர்த்து, தொடை இடுக்கில் வந்ததாம். வெளியே சொல்ல வெட்கமாம். சுண்டல் எங்கள் வாசல்படியை மிதிப்பதற்கு ஆறு மாதம் முன்பே வந்த வியாதி! மருந்துக்கடையில் கேட்டுக் களிம்பு வாங்கி ஒளித்துத் தடவிக்கொண்டு, நான் துடைக்கும் துண்டிலேயே துடைத்திருக்கிறார். அங்கேயே கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. என் தோலைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நான்கு வாரத்தில் முடிவு வந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வகை. பூனையிடமிருந்து வருவது வேறு.

இதே அரிப்போடு இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கடைக்காரர் தரும் களிம்பைத் தொடாதீர்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து டாக்டரிடம் போங்கள். அரிப்பு நின்றதும் டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். நாங்கள் மூன்று மாதம் விழுங்கினோம்.

இப்போது வட்டங்கள் இல்லை, கறுத்த தடங்கள் மட்டும். ஆனாலும் கை தன்பாட்டுக்கு இடுப்புக்குப் போகிறது. இருபது வருடம் பக்கத்தில் படுத்தவரின் உடம்பு எனக்கு அந்நியமாகிவிட்டது. மாதங்களைக்கூட, சுண்டல் இருந்தால் இப்போது என்ன வயது என்றுதான் எண்ணுகிறேன்.

போன ஞாயிறு கணவரின் அக்கா வந்தார். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூனைய ஊட்ட உட்டுத் தொரத்துனதும் ஒடம்பு எப்டி கீது பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்."

கணவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"பூனைக்கு ஒண்ணுமே இல்ல அண்ணி. எனக்கு ஒட்டவச்சது உங்க தம்பி. எட்டு மாசம் தொடையில வச்சிக்கினு, பூனைய கொண்டுபோயித் தூக்கிப் போட்டாரு."

அண்ணி சோபாவில் தம்பி பக்கத்திலிருந்து எழுந்து, எதிர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார்.